நான்காவது கால்

அந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பெயர் பொறுங்கக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதை அங்கே கேட்டவர் யாரும் இல்லை. செத்துப்போன ரேடியோவோ தண்ணீரில் விழுந்த போனோ, எதைத் தூக்கிக்கொண்டு யார் படியேறி வந்தாலும், கையில் வாங்கியதும் அவள் சொல்லும் முதல் வார்த்தை "பொறுங்க". நாளைக்கு வரட்டுமா என்று கேட்டால் "பொறுங்க, திறந்து பாத்துட்டு சொல்றேன்". அவசரக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வேறு கடைக்குப் போவார்கள். ஒரு வாரம் கழித்து அதே சாமானை இன்னும் கொஞ்சம் கெடுத்துக்கொண்டு அவளிடமே திரும்பி வருவார்கள். அப்போதும் அவள் "பொறுங்க" என்றுதான் சொல்வாள், சிரிக்காமல்.

மூன்று மாடி, நாற்பது கடை, நாற்பதும் ரிப்பேர்க் கடை. லிஃப்ட் மட்டும் ஆறு வருடமாக ஓடவில்லை. நாற்பது ரிப்பேர்க்காரர்கள் தினமும் அந்தக் கதவில் ஒட்டியிருக்கும் 'பழுது' என்ற காகிதத்தைப் படித்துவிட்டு மூச்சு வாங்கப் படியேறுவார்கள். அவள் கடை இரண்டாம் மாடியில், மூன்றாம் மாடிக்குப் போகிற படிக்கட்டின் அடியில். எழுந்து நின்றால் தலை இடிக்கும். முப்பது வருடமாக உட்கார்ந்தே இருந்து பழகிவிட்டாள்.

பத்தொன்பது வயதில் டிவி கம்பெனி ஒன்றில் ஈயம் பற்றவைக்கும் வேலைக்குப் போனவள். வரிசையாக முப்பது பெண்கள், ஆளுக்கொரு சூட்டுக்கோல், தலைக்கு மேல் புகை. அதில் இவள் கை மட்டும் தனி. ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே ஊசியில் நூல் கோப்பாள் என்று சொல்வார்கள், சொன்னவர்கள் பார்த்தவர்கள். கம்பெனி மூடியபோது தன் சூட்டுக்கோலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து படிக்கட்டின் அடியில் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு கல்யாணம் நடந்தது, நாலு வருடத்தில் முடிந்தது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நமக்கும் வேண்டாம்.

அவளுக்கென்று இருந்தது ஒரு தம்பி. பதினான்கு வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். அவனுக்குச் சோறு போட்டது, புத்தகம் வாங்கியது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் அந்தக் கைதான். தம்பி இப்போது ஒரு சின்னப் பட்டறை நடத்துகிறான். ஒரு கால் குட்டையாகப் பிறந்தவர்கள், சர்க்கரை வியாதியால் பாதம் கெட்டவர்கள், விபத்தில் கணுக்கால் நொறுங்கியவர்கள், இவர்களுக்கு அளவெடுத்துச் செருப்பும் ஷூவும் செய்கிற பட்டறை. ஏழு பேருக்கு வேலை. ஒவ்வொரு பாதத்துக்கும் அளவு வேறு என்பதால், தோலையும் ரப்பரையும் வெட்டுவதற்கு ஒரு பழைய மெஷின் வைத்திருந்தான். அந்த மெஷினை ஆட்டிவைத்தது அதைவிடப் பழைய ஒரு கம்ப்யூட்டர்.

இங்கேதான் ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துப் பிராசசர்கள் சிலவற்றில் ஒவ்வொன்றுக்கும் உள்ளேயே ஒரு தனி எண் உண்டு. வெட்டு மெஷினுக்குப் புரோகிராம் எழுதிய புண்ணியவான்கள், யாரும் திருட்டுப் பிரதி போட்டுவிடக் கூடாதே என்று, அந்த எண்ணைப் பார்த்தால்தான் புரோகிராம் திறக்கும்படி செய்துவிட்டார்கள். அதே மாதிரி, அதே வருடத்துப் பிராசசர் வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டினாலும் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சரி, புது எண்ணுக்குச் சாவி கேட்டு வாங்கலாம் என்றால் கம்பெனியே இல்லை. அந்த போன் நம்பருக்கு அடித்தால் ஒரு மெத்தைக் கடைக்காரர் எடுக்கிறார். ஆக, மொத்தப் பட்டறையும் ஒரே ஒரு சிப்பின் தலையில் நின்றது. அக்காளுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

அந்தச் சிப்புக்கு வந்த நோய் சூடு. சிப்பின் மேல், சூட்டை இழுத்து வெளியே விடுவதற்கு, தகடு தகடாக ஒரு அலுமினியக் கட்டை இருக்கும், ஹீட்சிங்க் என்பார்கள். அதன் முதுகில் ஒரு குட்டி விசிறி. சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே ஒட்டியிருந்த பேஸ்ட் இருபது வருடத்தில் காய்ந்து கட்டியாகிவிட்டது. சூடு மேலே ஏறவில்லை. விசிறியோ, கழுத்தை நெரித்த மாதிரி கத்திக்கொண்டு சுற்றியது. அக்கா இரண்டு தடவை எண்ணெய் விட்டுப் பார்த்தாள். கடைசியில் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். "மெஷின் ஓடுற வரைக்கும் இந்த ஃபேன் ஓடணும் மாஸ்டர். மறந்தீங்கன்னா வெந்துடும்" என்று மெஷினை ஓட்டுகிறவரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

மாஸ்டர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக அந்த மெஷினுக்கு அவர்தான் எல்லாம். அவளைவிட ஆறேழு வயது சின்னவர், அதிகம் பேசமாட்டார். தோலைத் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் நீளும் என்று சொல்லிவிடுவார். அவள் போகும்போதெல்லாம் தன் நாற்காலியைத் துடைத்து அவளுக்குப் போடுவார். "அக்கா சொன்னா சரியா இருக்கும்" என்பது அவர் வாயில் அடிக்கடி வருகிற வாக்கியம்.

இனி அவள் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். இரண்டு வருடமாக அவளுக்குக் கை நடுங்கியது. முதலில் இடது கைச் சுண்டுவிரல். பிறகு கை முழுக்க. டாக்டர் ஒரு பெயர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கை அடங்கும். மூன்று மணி நேரம் பழைய கையாக இருக்கும். பிறகு மறுபடி ஆரம்பிக்கும். அதற்கேற்ப அவள் நாளை வெட்டி வைத்துக்கொண்டாள். அடங்கிய நேரத்தில் வேலை, மற்ற நேரத்தில் "பொறுங்க". யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் கிளாஸைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் போன பிறகு இரண்டு கையாலும் எடுத்துக் குடிப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனாலும் நடந்துகொண்டிருந்தது, அல்லது நடக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மேசை விசிறியும் போதாமல் மெஷின் அரை மணிக்கு ஒரு தடவை நிற்க ஆரம்பித்ததும், ஒரு வியாழக்கிழமை காலையில் தம்பி கம்ப்யூட்டர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். அதே வகை ஹீட்சிங்க், நல்ல விசிறியோடு, அவள் அலமாரியில் ஒன்று இருந்தது. பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"மத்தியானம் இருபது ஜோடி வெட்டணும்க்கா. ஆஸ்பத்திரி ஆர்டர். நான் போய் ஊசியும் நூலும் வாங்கிட்டு ஒரு மணி நேரத்துல வரேன். முடிஞ்சிடுமா?"

அப்போதுதான் மாத்திரை போட்டிருந்தாள். கை அடங்க இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும். ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் சொல்கிற அந்த ஒரு வார்த்தையை அன்றைக்குத் தம்பியிடம் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சொன்னால் ஏன் என்று கேட்பான். "முடிஞ்சிடும், போயிட்டு வா" என்றாள்.

வேறு வழி இல்லாமலா போயிற்று? அடுத்த கடைக்காரர் இருந்தார். எப்போதும் நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டிருப்பதால் அவருக்குப் பெயரே பூதக்கண்ணாடி. வேலை தெரிந்த மனிதர். கூப்பிட்டு "கொஞ்சம் இத கழட்டிக் குடுங்க" என்றால் பத்து நிமிடத்தில் செய்து கொடுத்திருப்பார். ஆனால் பொறுங்கக்கா ஒரு ஹீட்சிங்க்கைக் கழற்ற ஆள் கூப்பிட்டாள் என்ற செய்தி, லிஃப்ட் ஓடாத அந்தக் கட்டடத்தில், அவள் டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று மாடியும் ஏறிவிடும். அவளுக்கு அந்தப் பயம். கர்வம் என்றும் சொல்லலாம். நான் கர்வம் என்றுதான் சொல்வேன்.

கம்பெனியிலேயே மாட்டி அனுப்பிய ஹீட்சிங்க் ஒரு பிடிவாதக்காரச் சாமான். மறுபடி கழற்றுவார்கள் என்று நினைத்து அதை மாட்டுவதில்லை. இந்த வகைப் பிராசசர் ஒரு சின்னப் பச்சை அட்டையில் உட்கார்ந்திருக்கும். ஹீட்சிங்க்கின் நான்கு கால்கள் அந்த அட்டையின் துளைகள் வழியாகப் பின்பக்கம் வந்து கொக்கியாக மாட்டிக்கொண்டிருக்கும். நடுவில், விரல் நகம் அளவுக்கு, மூடி எதுவும் இல்லாமல் சிப்பு. முட்டை ஓட்டைவிடக் கொஞ்சம் உறுதி, அவ்வளவுதான். முதலில் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். சூட்டில் காய்ந்த பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, அட்டையை உருவி, கால்களை எதிரெதிராக ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க இடது கை ஹீட்சிங்க்கைச் சிப்பின் மேல் சமமாக அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று கால் விட்ட பிறகு நான்காவது காலின் ஸ்பிரிங் ஒரு பக்கமாக இழுக்கும். அப்போது இடது கை அசைந்தால் மொத்தப் பாரமும் சிப்பின் ஒரு மூலையில் இறங்கிவிடும்.

அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தாள். பத்து நிமிடம் ஓடவிட்டாள். விசிறி கட்டடமே கேட்கிற மாதிரி கத்தியது. அணைத்தாள், உருவினாள். முதல் கால் வந்தது. அதற்கு எதிர்க்கால் வந்தது. மூன்றாவதும் வந்தது. நான்காவது காலின் கொக்கி துருவோ தூசியோ பிடித்து இறுகிக் கிடந்தது. திருப்புளியின் முனையை வைத்து வலது கையால் அழுத்தினாள். அழுத்த அழுத்த இடது கை ஆட ஆரம்பித்தது. நிறுத்தியிருக்கலாம். முழங்கையை மேசையில் முட்டுக்கொடுத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கொக்கி விட்டது. ஹீட்சிங்க் ஒரு பக்கம் சாய்ந்தது. பல்லில் கல் கடிபட்ட மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

ஹீட்சிங்க்கை எடுத்துவிட்டுப் பார்த்தாள். சிப்பின் ஒரு மூலையைக் காணோம். கறுப்பாக ஒரு பொடி பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. புது ஹீட்சிங்க்கை மாட்டி, அட்டையைச் செருகி, பட்டனை அழுத்தினாள். விசிறி அழகாக, சத்தமே இல்லாமல் சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. நாலு தடவை போட்டுப் பார்த்தாள். அட்டையை உருவி, ஹீட்சிங்க்கைக் கழற்றி வைத்தாள். பிறகு இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தம்பி வருகிற வரை உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, ஆச்சா?"

"இல்லடா. இது போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா?"

"உயிர் இல்ல. நீ கொண்டு வரும்போதே இல்ல போலிருக்கு. வெந்து போயிருக்கு."

இதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. தப்பிப்பதற்குச் சொன்ன பொய் தனியாக நிற்கப் பயந்ததோ என்னவோ, துணைக்கு இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. "நேத்து ஃபேன் போடாம ஓட்டியிருப்பாங்கடா" என்றாள். தம்பி அவள் முகத்தைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான். அட்டையைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து அதே வகைப் பிராசசர் ஒன்றைத் தேடிப் பிடித்து எடுத்துக்கொண்டு அவளே பட்டறைக்குப் போனாள். நடக்காது என்று தெரிந்தும் போனாள். கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. வெட்டுகிற புரோகிராம் மட்டும், எண் பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு மூடிக்கொண்டது. சுற்றி நின்ற ஏழு பேரும் அந்த ஒரு வரியைப் படித்தார்கள்.

தம்பி மாஸ்டர் பக்கம் திரும்பினான். "புதன்கிழமை சாயந்தரம் ஃபேன் போட்டுத்தான ஓட்டுனீங்க?"

"போட்டேன்னுதான் நினைக்கிறேன் தம்பி."

"நினைக்கிறீங்களா?"

பதினோரு வருடமாகப் பொய் சொல்லத் தெரியாத மனிதர். தினமும் செய்கிற காரியம் அன்றைக்கு மட்டும் தனியாக யாருக்கு ஞாபகம் இருக்கும்? "தினமும் போடுவேன்..." என்று இழுத்தார். அந்த இழுப்பு போதுமானதாக இருந்தது. அக்கா திருப்புளிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை துடைத்து வைத்தாள்.

அடுத்த வாரம் தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, மாஸ்டர அனுப்பிட்டாரு. அந்த மனுஷன் தன்னோட கத்திய மட்டும் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனாரு. எனக்கே அழுகை வந்துடுச்சு." பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். போனை வைத்துவிட்டு அன்றைக்கு அவள் ஒரு ரேடியோவைத் திறந்து, திறந்தபடியே மூடினாள்.

பூதக்கண்ணாடியும் ஒரு மாதிரியாக இருந்தார். தினமும் காலையில் அவளிடம் ஈயக் கம்பி ஒரு துண்டு கடன் கேட்டு வம்பளந்துவிட்டுப் போகிறவர், இப்போது வருவதில்லை. எதிரில் பார்த்தால் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு எதையோ பார்க்கிற மாதிரி போனார்.

பத்து நாள் போயிருக்கும். மாஸ்டர் படியேறி வந்தார். கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர் ஓரமாக, தலை இடிக்காமல் குனிந்து நின்றார். சட்டைக் காலரில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஏதோ தலையணைக் கம்பெனியில் மூட்டை கட்டுகிறாராம். அவர்கள் போகிற வரை காத்திருப்பார் என்று நினைத்தாள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, ஒரே ஒரு விஷயம் கேட்கணும். எனக்குத் தூக்கமே வரல. அன்னைக்கு ஃபேன் போட்டேனா போடலையான்னு யோசிச்சு யோசிச்சு தல வெடிக்குது. நீங்க சிப்பப் பாத்தீங்கல்ல? அது எப்படிப் போச்சுன்னு பாத்தா தெரியுமா? சூட்டுலதான் போச்சா?"

வாடிக்கையாளர் இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் பத்து வருடமாக வருகிறவர். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். கடவுளாகப் பார்த்து ஆளை வாசலுக்கே அனுப்பி, கேள்வியையும் வாயில் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"சூட்டுலதான் மாஸ்டர்."

அவர் தலையை ஆட்டினார். "அப்ப நான்தான்" என்றார். கோபம் இல்லை. ரொம்ப நாளாகத் தேடிய பொருள் கிடைத்துவிட்ட மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். "நன்றிக்கா. தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு மெதுவாகப் படியிறங்கினார்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவதற்கு அந்தச் சமாதானம் ஒத்துவரவில்லை. ஒரு மனிதன் முகத்துக்கு நேராக நின்று கேட்டான், முகத்துக்கு நேராகச் சொன்னாள். நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் கடையைச் சாத்திவிட்டுத் தம்பியின் பட்டறைக்குப் போனாள்.

வெட்டு மெஷினின் மேல் ஒரு பழைய போர்வை கிடந்தது. தம்பி தரையில் உட்கார்ந்து, காகித அளவைத் தோலின் மேல் வைத்துக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தான். மூன்று பேர்தான் இருந்தார்கள். அவர்களை வெளியே போகச் சொன்னாள்.

"நான்தாண்டா உடைச்சேன்."

அவன் கத்தியை நிறுத்தவில்லை. வளைவு முடிகிற வரை வெட்டிவிட்டு, "தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே திரும்பி மேல வந்து பூதக்கண்ணாடிகிட்ட காட்டினேன். மூலை உடைஞ்சிருக்கு, வெந்ததில்லன்னு சொன்னார். அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் அது ஓடுன சத்தத்தையும் கேட்டிருக்கார்."

"தெரிஞ்சுமா அவர அனுப்பின? பாவி!"

"மெஷின் இல்லாத இடத்துல மெஷின் ஓட்டறவருக்கு என்னக்கா வேலை? பதினோரு வருஷம் இருந்தவர வெளிய போங்கன்னு எந்த வாயால சொல்றதுன்னு தெரியாம ரெண்டு நாள் கிடந்தேன். நீ ஒரு காரணம் கொடுத்துட்டுப் போயிருந்த. எடுத்துக்கிட்டேன்." வெட்டிய தோலை எடுத்து ஒரு பக்கமாக வைத்தான். "தப்புதான். உனக்கு மட்டும்தான் தூக்கம் போச்சுன்னு நினைக்காத."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கை ஆட ஆரம்பித்தது. மறைக்கவில்லை. அவன் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டான்.

"அதுவும் தெரியும். ஒரு வருஷமா."

"அப்புறம் ஏண்டா என்கிட்ட கொண்டு வந்த?"

"வேற யார்கிட்டயாவது கொண்டு போயிருந்தா நீ தாங்கியிருப்பியா?"

அவன் பாசத்தில் கொண்டுவந்தான். அவள் வீம்பில் வாங்கிக்கொண்டாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது மனிதன் நசுங்கினான். "அவர திரும்பக் கூப்பிடு" என்று மட்டும் சொன்னாள். தம்பி போர்வை மூடிக் கிடந்த மெஷினைக் கையால் காட்டினான். பிறகு, "அந்த அட்டைய வேணும்னா எடுத்துக்கோ. எனக்கு எதுக்கு?" என்று மேசை இழுப்பறையைத் திறந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மாஸ்டரின் வீட்டுக்குப் போனாள். இரண்டே அறை. முன்னறையில் அவர் மனைவி தலையணை உறைகளுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் அந்தக் கம்பெனி வேலைதான் போலிருக்கிறது. உறைகளைக் கட்டிலிலிருந்து அவசரமாக அள்ளிவிட்டு இடம் கொடுத்தாள். மாஸ்டர் எழுந்து நின்றார். அக்கா உட்காரவில்லை. உட்கார்ந்தால் வாய் வராது என்று தெரிந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரையைச் சொன்னாள், நான்காவது காலைச் சொன்னாள், சத்தத்தைச் சொன்னாள். தம்பியிடம் சொன்ன பொய்யையும், கடையில் அவர் முகத்துக்கு நேரே சொன்ன பொய்யையும் சொன்னாள். கைக்குட்டையைப் பிரித்து உடைந்த மூலையைக் காட்டினாள். கை நடுங்கியதில் அட்டை கட்டிலின் மேல் விழுந்தது.

மாஸ்டர் அதை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மரியாதைக்குப் பார்ப்பது போலப் பார்த்தார். திருப்பி அவள் கைக்குட்டையிலேயே சுற்றிக் கொடுத்தார்.

"நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு இவகிட்ட அன்னைக்கே சொன்னேன்" என்றார், மனைவியைக் காட்டி. "அக்கா மனசு கேட்காது, ஒரு நாள் வந்து பழிய தன் மேல போட்டுக்குவாங்கன்னு."

"பழிய போட்டுக்கல மாஸ்டர். உண்மையச் சொல்றேன்."

"அக்கா, எனக்கு இப்ப எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. உங்க கடையில இருந்து வந்த அன்னைக்கே வந்துடுச்சு. புதன்கிழமை சாப்பிட்டு வந்தேன். மெஷினப் போட்டேன். ஃபேன் சுவிட்சுகிட்ட கை போகும்போது வாசல்ல தோல்காரர் கூப்பிட்டார். போய்ப் பேசிட்டு வந்து நேரா வெட்ட உட்கார்ந்துட்டேன். அவரு போட்டிருந்த சட்டை கூட ஞாபகம் இருக்கு. கோடு போட்ட சட்டை."

"அப்படி நடக்கல மாஸ்டர்!"

அவர் சிரித்தார். பொய் சொல்லத் தெரியாத குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. "நீங்க அங்க இல்லையேக்கா."

அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்து, டம்ளரை அவள் கையில் கொடுக்காமல் தானே வாயில் பிடித்துக் குடிக்கவைத்தாள். "எங்களுக்காக உங்க பேரக் கெடுத்துக்காதீங்கக்கா. கட்டடத்துல உங்களுக்கு இருக்குற மரியாத என்ன! கை வேற இப்படி இருக்கு, நீங்க உங்க உடம்பப் பாருங்க" என்றாள். முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள் அக்கா, பொய் சொல்கிறவள் கெஞ்சுவது போலக் கெஞ்சி. அவர்கள் இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள். நம்பவில்லை. பத்துத் தடவை சொன்னாலும் நம்பியிருக்கமாட்டார்கள். அவளைப் போன்ற ஒருத்தி பொய் சொல்வாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மாஸ்டர் அவள் முழங்கையைப் பிடித்துப் படியிறக்கி, பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார். பஸ் வந்ததும் முன்னால் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருவரிடம் பேசி அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்துவிட்டு இறங்கினார். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவர் போகாமல் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். எதையோ கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

"அக்கா, தம்பிகிட்ட நான் இன்னும் மன்னிப்பே கேட்கல. நேர்ல போக வெட்கமா இருக்கு. நீங்க பாக்கும்போது நான் கேட்டேன்னு சொல்லிடுறீங்களா?"

பஸ் நகர்ந்தது. அவர் பதிலுக்காக இரண்டு எட்டு கூடவே நடந்தார்.

"சொல்றேன் மாஸ்டர்" என்றாள்.